சமாதானமாகி நாலாம் நாள்

வளையக்காவின் கண்ணுக்கு உலகத்தில் இரண்டே வகைச் சாமான்கள்தான். ஓட்டையில் விழுவது ஒன்று, விழாமல் நிற்பது ஒன்று.

பழக் கொட்டகையில் கிழக்கு ஜன்னலோரத்து மேசை அவளுடையது. மேசைமேல் ஒரு தகடு, தகட்டில் வட்ட வட்டமாக ஓட்டைகள். அந்த வளையங்களால்தான் அவளுக்கு அந்தப் பெயர். காலை எட்டு மணிக்குக் கூடைகள் வந்து இறங்கும். பழத்தின் காகிதக் கூட்டை உரித்து, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, தகட்டில் வைப்பாள். பெரிய ஓட்டையில் நின்றால் முதல் தரம். விழுந்தால் இரண்டாம் தரம். வெடித்திருந்தால் தரம் என்ற பேச்சே இல்லை, நேராக ஜாம் டிரம்தான்.

பெட்டியின்மேல் ‘கேப் கூஸ்பெர்ரி’ என்று பளபளப்பாக அச்சடித்திருக்கும். கொட்டகையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது சொடக்குப் பழம். வேலியோரம் யாரும் கேட்காமலே முளைக்கும் சொடக்குத் தக்காளிக்கு இது வசதியான வீட்டுச் சொந்தம். அதே காகிதக் கூடு, உள்ளே அதே உருண்டை. ஆனால் கோலிக்குண்டைவிடப் பெரியது, சாயங்கால வெயிலை உருட்டி வைத்த நிறம், தோலோ குழந்தையின் கண்ணிமைபோல மெல்லியது.

பதினொரு வருஷமாக இந்த வேலை. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் பட்டன் தொழிற்சாலையில் பட்டன் பிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே அளவு சொல்வாள். முப்பது வயதில் ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை நல்ல மனிதர், நல்ல வேலை. எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவரின் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பட்டன் மட்டும் ஒரு நூலளவு பெரியது என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். சிரிப்பு வந்தது. அடக்கினாள். அடக்கிய சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. வந்தவர்கள் காபியைக்கூட முடிக்கவில்லை.

“கட்டியிருந்தா ஆயுசு பூரா அந்தப் பட்டனையே பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்,” என்பாள் இப்போதும். வருத்தமாகச் சொல்வதுபோல் தெரியாது.

தனி ஆள். ஒரு அறை, ஒரு சமையலறை, நடுச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீடு. சுவர் ஒற்றைச் செங்கல் சுவர் என்பதால் அண்ணன் வீட்டில் கரண்டி விழுந்தால் இவள் குனிந்து தேடுவாள்.

அண்ணன் இருபது வருஷம் லாரி ஓட்டி, முதுகு வலித்து, வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் சொடக்குப் பழம் போட்டவன். எதிலும் பெரிசுதான் வேண்டும் அவனுக்கு. “பழம்னா கைக்குள்ள அடங்கக் கூடாது,” என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, ‘பெரிய பழம்’ என்று அவனுக்கே பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணி தையல்காரி. அவளுக்கு ‘கத்திரி’ என்று பெயர். துணியானாலும் சரி, செடியானாலும் சரி, பேச்சானாலும் சரி, வேண்டாததை நறுக்கென்று வெட்டிவிடுவாள்.

அந்தத் தோட்டத்துப் பழம்தான் இப்போது வளையக்காவின் மேசையில் வெடித்து வெடித்து வந்துகொண்டிருந்தது.

நூற்றுக்கு முப்பத்தொன்று. காம்போரத்தில் மயிரிழையாகத் தொடங்கி, பழத்தைச் சுற்றிப் பாதி வழி போய், ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட வாய்போலத் திறந்திருக்கும். கொட்டகை மேலாளர் பெட்டியைத் தவிர வேறெதையும் பற்றிப் பேசாதவர். அவருக்குப் பெயர் ‘பெட்டி சார்’. அவர் வந்து ஜாம் டிரம்மை எட்டிப் பார்த்தார். பிறகு மேசைக்கு வந்தார்.

“உங்க அண்ணன் தோட்டமா?”

“ஆமா சார்.”

“மூணு வாரம் டைம் தர்றேன். அப்புறம் வர்ற பறிப்புல நூறு பழம் எடுத்துப் பாக்கணும். பத்துக்கு மேல வெடிச்சிருந்தா பெட்டிப் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடறேன். மொத்தமும் ஜாமுக்குத்தான்.”

வளையக்கா கையிலிருந்த பழத்தை வைத்தாள். “எண்ணுற வேலையை வேற யாருக்காவது குடுங்க சார். என் அண்ணன்.”

“வேற யாரு எண்ணினாலும் எனக்கு நம்பிக்கை வராது. நீ எண்ணு.” இரண்டடி போனவர், சுவரில் மாட்டியிருந்த காலண்டரிலிருந்து மூன்று மாதத் தாள்களைக் கிழித்து நீட்டினார். ஒவ்வொரு பறிப்பிலும் அந்தத் தோட்டத்தில் நூற்றுக்கு எத்தனை வெடிப்பு என்று அவளே குறித்த எண்கள். “அவர்கிட்ட காட்டு. நான் சொன்னா என்கூட சண்டைக்கு வருவார்.”

ஜாமுக்குப் போனால் அண்ணனுக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். டிரம்மில் பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை. எல்லாம் கூழ். பெரிய பழத்தைக் கூழாக்கிவிட்டு அந்த மனுஷன் எந்த முகத்தோடு டீக்கடைக்குப் போவான்?

முயற்சி செய்யாமல் இல்லை. மண் பரிசோதனைக்காரர் வந்து, மண்ணைத் தொட்டு, முகர்ந்து, பை நிறைய அள்ளிக்கொண்டு போய், கால்சியமும் போரானும் போதாது என்று சொல்லியிருந்தார். இரண்டையும் தெளித்தார்கள். நாற்பதாக இருந்த வெடிப்பு முப்பத்தொன்றுக்கு இறங்கி, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

“தண்ணி ஒரே சீரா விடுறீங்களா?” என்று அவர் கேட்டபோது, “ஆமா” என்று அண்ணனும் அண்ணியும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒரே குரலில் எதையும் சொல்லி வளையக்கா கேட்டதில்லை. அப்போதே அவளுக்கு லேசாக உறுத்தியது.

“காஞ்சு கிடந்த செடி திடீர்னு தண்ணியைப் பாத்தா மடமடன்னு குடிக்கும்,” என்றார் அவர். “உள்ள சதை வீங்கும். தோல் அந்த வேகத்துக்கு வளராது. டப்புனு போயிடும். பழம் பெரிசாக ஆக, இந்த ஆபத்தும் பெரிசு.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றாள் அண்ணி.

“உனக்குத்தான் சொல்றார்,” என்றான் அண்ணன்.

காலண்டர் தாள்களோடு அன்று சாயங்காலம் வளையக்கா வீட்டுக்கு வந்தாள். அண்ணன் ஏற்கெனவே அவள் சமையலறை ஸ்டூலில் தட்டோடு உட்கார்ந்திருந்தான். அப்படியென்றால் சண்டை. சண்டை நாட்களில் அண்ணன் தன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். இவள் இரண்டு முட்டை அவிப்பாள். முட்டைக்காரர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்பதால் எத்தனை கூடுதலாக வாங்குவது என்று தெரிய, அண்ணன் வந்த தேதியைச் சுற்றிக் காலண்டரில் ஒரு வட்டம் போட்டுவைப்பாள்.

“இன்னிக்கு என்ன?”

“ஜன்னல்.”

“ஜன்னல் என்ன பண்ணுச்சு?”

“திறந்திருந்துச்சு. அவளுக்கு மூடியிருக்கணும்.”

முட்டை கொதித்துக்கொண்டிருந்தது. வட்டம் போடப் பென்சிலை எடுத்தவள், கையிலிருந்த கொட்டகைத் தாளையும் சுவரிலிருந்த தன் காலண்டரையும் அடுத்தடுத்துப் பார்த்தாள். பென்சில் அப்படியே நின்றது.

வட்டம், வட்டம், வட்டம். பிறகு வட்டம் இல்லை. வட்டம் நின்ற நாலாம் நாள் கொட்டகைத் தாளில் முப்பத்தெட்டு. மறுபடி இரண்டு வட்டம். நின்ற நாலாம் நாள் முப்பத்து நாலு. ஒரு மாதத்தில் தொடர்ந்து பத்து நாள் வட்டமே இல்லை. அந்தப் பத்து நாளின் கடைசியில் வெடிப்பு பதினாறுதான்.

“அண்ணே, சண்டை போட்டா யாரு தண்ணி விடுவீங்க?”

“அவதான் விடுவா. நான் எதுக்கு விடணும்? பேச்சே இல்லையே.”

“சமாதானம் ஆனதும்?”

அண்ணன் காது சிவந்தது. “அது... பாவம், தூங்கட்டும்னு நான் விடியக்காலம் எழுந்து விட்டுடுவேன். அவளுக்குத் தெரியாது.”

வளையக்கா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அண்ணி தையல் மெஷினில் குனிந்திருந்தாள்.

“அண்ணி, சண்டை நாள்ல யாரு தண்ணி விடுறது?”

“உங்க அண்ணன்தான். எனக்கென்ன தலையெழுத்தா?”

“சமாதானம் ஆனா?”

ஊசி நின்றது. “முதுகு வலிக்காரர். அவர் டீ குடிக்கப் போனதும் நானே போய் நல்லா விட்டுட்டு வந்துடுவேன். அவர்கிட்ட சொல்லாதீங்க.”

சண்டை நாட்களில் செடிக்கு ஒரு சொட்டு இல்லை. சமாதானமானால் இரட்டைக் குளியல். இவர்கள் அடித்துக்கொண்டபோது பழம் வெடிக்கவில்லை, கொஞ்சிக்கொண்டபோதுதான் வெடித்தது.

இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, இரண்டு காலண்டரையும் விரித்து, விரலால் தேதி தேதியாகக் காட்டினாள்.

“அப்போ நாங்க சமாதானம் ஆனதுதான் தப்பா?” என்றான் அண்ணன்.

“நான் சொல்லலை?” என்றாள் அண்ணி சுவரைப் பார்த்து. “இந்த மனுஷனோட சமாதானமே ஆகக் கூடாதுன்னு.”

“இன்னும் ஒண்ணு இருக்கு. சண்டை நாள்லதான் அண்ணி கத்திரியைத் தூக்கிக்கிட்டு தோட்டத்துக்குப் போவாங்க, இல்ல? பக்கக் கிளையெல்லாம் வெட்டி, செடிக்கு நாலே தண்டு விட்ட வரிசை எது?”

“கிணத்தோரம் அஞ்சு வரிசை,” என்றான் அண்ணன் கசப்பாக. “பூத்த கிளையையெல்லாம் வெட்டினா. ஈவு இரக்கம் இல்லாம.”

“அந்த அஞ்சு வரிசைப் பழம்தான் பெரிய ஓட்டையில நிக்குது. நீ பாவம் பாத்து விட்ட வரிசையெல்லாம் இலையும் கிளையுமா புதர். பழம் ஓட்டை வழியா பொத்துப் பொத்துனு கீழ விழுது.”

பழம் பெரிதானதற்குக் காரணம் தன் அன்பு அல்ல, அவள் கோபம் என்பதை விழுங்க அண்ணனுக்கு நேரம் எடுத்தது. அண்ணி விழுங்க எதுவும் இல்லாதவள்போல முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

முதல் வைத்தியமாக, மூன்று வாரம் சண்டையே போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அது இரண்டு நாள் தாங்கியது.

“நீ திற.”

“ஐயோ, நீங்க திறங்க.”

“உன் கையால திறந்தாத்தான் நல்லாருக்கும்.”

“பெரியவங்க இருக்கும்போது நான் எப்படி?”

சுவருக்கு இந்தப் பக்கம் வளையக்காவுக்குப் பல் கூசியது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் மண் வெடித்துக் கிடந்தது. மாற்றி மாற்றி உபசரித்ததில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயின் வால்வை யாருமே திறக்கவில்லை.

வளையக்கா ஸ்பேனரை எடுத்து வால்வின் வட்டக் கைப்பிடியைக் கழற்றினாள். உள்ளங்கை அகலச் சக்கரம். அளவெடுக்காமல் இருக்க முடியவில்லை, ஏழு சென்டிமீட்டர். அதை அண்ணியிடம் கொடுத்தாள். மோட்டார் ரூம் சாவியை அண்ணனிடம் கொடுத்தாள்.

“மோட்டார் ஓடணும்னா அண்ணன் வேணும். தண்ணி போகணும்னா அண்ணி வேணும். தினம் காலையில ஆறு மணி, இருபத்தஞ்சு நிமிஷம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சண்டை போடுறதா இருந்தா வால்வுகிட்ட நின்னு போடுங்க.”

“பேச்சு இல்லாத நாள்ல?” என்று கேட்டான் அண்ணன்.

“பேசாம வந்து நில்லு.”

செடிக்கடியில் காய்ந்த புல்லைப் பரப்பி மூடாக்குப் போட்டார்கள். ஒருமுறை பொட்டாஷ் உரம் வைத்தார்கள். தினம் ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கதவு திறக்கும், செருப்பு இரண்டு ஜோடி இறங்கும், மோட்டார் உறுமும். கூடவே சண்டையும். நிமிஷக் கணக்கில் வாடகைக்கு எடுத்ததுபோல, இருபத்தைந்து நிமிஷத்தில் அது முடிந்துவிடும். கைப்பிடியைத் திருப்பி மூடும்போது பேச்சும் மூடிக்கொள்ளும். வளையக்கா பல் துலக்கிக்கொண்டே அந்த மாத விஷயங்களை எல்லாம் தெரிந்துகொண்டாள்.

பறிப்புக்கு இரண்டு நாள் இருந்தது. காலை ஐந்தே முக்காலுக்குச் சத்தம் சீக்கிரமே தொடங்கிவிட்டது.

“கட்டு போட்டிருக்காரு! செடிக்குக் கட்டு!” என்று அண்ணி இவள் வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு கிளை. முந்தினநாள் அவள் பாதி வெட்டிவிட்டு வந்த பக்கக் கிளையை அண்ணன் தண்டோடு சேர்த்து, துணியால் சுற்றி, முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். “எதைக் கிழிச்சு தெரியுமா? என் புதுக் கைக்குட்டை. ஓரம் தைச்சது நேத்துதான்!”

“ஒட்டிக்கும்னு நெனச்சேன்,” என்றான் அண்ணன் பின்னாலிருந்து.

“செடிக்குக் கட்டு போடத் தெரியுது. எனக்கு ஊசி குத்தி ரத்தம் வந்தப்போ என்ன பண்ணினார் கேளுங்க. ‘துணியில பட்டுடப் போகுது’ன்னார்!”

அண்ணி உள்ளே போய்ப் பையை மாட்டிக்கொண்டு, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டாள். பஸ் தெருமுனை திரும்பிய பிறகுதான் வளையக்காவுக்கு உறைத்தது.

“அண்ணே, கைப்பிடி?”

அண்ணன் சாவியை மட்டும் தூக்கிக் காட்டினான்.

அன்று வெயில் முழு மனதோடு அடித்தது. வளையக்கா கொட்டகையில் பழம் பிரித்தாள், மனம் முழுக்க அந்த அரை ஏக்கர் மண்ணில் காய்ந்துகொண்டிருந்தது. ஸ்பேனரால் திறந்துவிடலாம். ஆனால் ஒரு நாள் திறந்துவிட்டால் நாளைக்கும் அண்ணனே திறப்பான், அண்ணியும் வந்து திறப்பாள், பழைய காலண்டர் திரும்பி வந்துவிடும். சாயங்காலம் ஐந்து வரை பொறுப்பது என்று முடிவு செய்தாள்.

நாலரைக்கு வளையக்கா வீடு திரும்பியபோது, தெருமுனையில் அண்ணி நடந்து வந்தாள். முகம் சிவந்து, செருப்பெல்லாம் புழுதி. அண்ணன் வாசலில் எழுந்து நின்றான்.

“உங்களுக்காக ஒண்ணும் வரலை,” என்றாள் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே. “அக்கா வீட்டுல பையைத் திறந்தா இந்தச் சக்கரம் உக்காந்திருக்கு. சோறு இறங்கல. பழத்துக்காக வந்தேன்.”

“பஸ்ஸா?”

“பஸ் இல்ல. நடந்து.”

அவன் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். வளையக்கா வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டாள். தண்ணீர் குழாய்களில் சலசலத்து ஓடியது. இருபத்தைந்து நிமிஷம் ஆனதும் அண்ணி கைப்பிடியைப் பிடித்தாள்.

“இன்னும் பத்து நிமிஷம் விடலாம்,” என்றான் அண்ணன். “காலையில விட்டுப்போச்சே. செடி பாவம்.”

“அந்தப் பாவம்தான் இத்தனை நாளா பழத்தை வெடிக்க வச்சுது.” அண்ணி மூடினாள். ஒரு நிமிஷம் கழித்து, குரலை இறக்கி, “உங்களுக்கு முதுகு எப்படி இருக்கு?” என்றாள்.

பறிப்பு நாள். கூடைகளிலிருந்து கை போன போக்கில் நூறு பழத்தைப் பெட்டி சார் எடுத்துக் கொடுத்தார். வளையக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வெளியே, கண்ணாடிக்கு அப்பால் அண்ணனின் தலையும் அண்ணியின் தலையும் மட்டும் தெரிந்தன. இரண்டும் வேறு வேறு பக்கம் பார்த்தன.

உரித்தாள், சுற்றினாள், வைத்தாள். நின்றது. நின்றது. விழுந்தது. நின்றது. முதல் வெடிப்பு பதினொன்றாவது பழத்தில். அடுத்து மூன்று ஒன்றாக வந்தன. அண்ணியின் தலை ஜன்னலுக்கு அருகில் வந்தது. அறுபது தாண்டும்போது வெடிப்பு ஆறு. வளையக்காவின் விரல்களுக்கு வழக்கமில்லாமல் வியர்த்தது. துடைத்துக்கொண்டாள். தொண்ணூற்று மூன்றாவது பழம் முழுசாக இருந்தது, பெரிய ஓட்டையில் ஜம்மென்று நின்றது. ஆனால் காம்போரத்தில் ஒரு கோடு. நூலைவிட மெல்லியது. வேறு யாருக்கும் தெரியாது. அதை வெடிப்புப் பக்கம் வைத்தாள்.

“ஏழு,” என்றாள் கடைசியில்.

பெட்டி சார் வெடித்த பழங்களைத் தானே ஒருமுறை பார்த்தார். “ஆறுதானேம்மா. இது நல்லாத்தானே இருக்கு?”

“ஏழு சார்.”

“எனக்குத் தெரியலையே.”

“எனக்குத் தெரியுது.”

அவர் அந்தப் பழத்தை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, விட்டுவிட்டார். “சரி, ஏழு. பேர் பட்டியல்லயே இருக்கும்.” பிறகு நல்ல பழங்களைப் பார்த்தார். “முதல் தரமே அறுபதுக்கு மேல தேறுதே. என்ன பண்ணினாங்க?”

“தினம் சண்டை போட்டாங்க சார்,” என்றாள் வளையக்கா. “நேரத்துக்கு.”

அன்றிலிருந்து அவள் வீட்டுக் காலண்டரில் வட்டம் இல்லை. அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. சண்டையெல்லாம் காலை ஆறு இருபத்தைந்துக்குள் தீர்ந்துவிடுகிறதே! முட்டைக்காரர்கூட “என்னக்கா, குறைச்சுட்டீங்க?” என்று கேட்டார். ஸ்டூலை அவள் சமையலறையின் மூலைக்குத் தள்ளிவைத்தாள். இரண்டு நாள் கழித்து, நடக்க இடைஞ்சலாக இருந்தாலும், பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டாள்.

மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம், சுவருக்கு அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. ஜன்னல் சம்பந்தமாகத்தான். வளையக்கா பாத்திரத்தில் தண்ணீர் வைத்து இரண்டு முட்டையைப் போட்டாள். கதவு தட்டப்பட்டது.

அண்ணி நின்றாள். ஒரு கையில் தட்டு. மறு கையில் வால்வுக் கைப்பிடி.

“உங்க அண்ணனோட எனக்குப் பேச்சு இல்ல,” என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். “எத்தனை முட்டை போட்டிருக்கீங்க?”

“ரெண்டு. அண்ணி, நாளைக்குக் காலையில...”

“போவேன். ஆறு மணிக்கு. பேச மாட்டேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். ஆனா போவேன்.” கைப்பிடியை மேசைமேல், தட்டுக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படி வைத்துக்கொண்டாள்.

வளையக்கா பென்சிலை எடுத்துத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். கொஞ்சம் பெரிய வட்டமாகவே.